லாஜு வேறு, லஞ்சார் வேறு

“அக்கா, ரெண்டுல எது நல்ல கார்டு?” என்று என்னிடம் யாரும் வந்து கேட்காதீர்கள். திட்டிவிடுவேன். அந்தக் கேள்விக்கு நானே ஒருமுறை பளிச்சென்று பதில் சொல்லி, பத்து நாள் மூக்குடைபட்டு நின்றவள். ரிப்பேர் பென்ச்சுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போகச் சொன்னார்கள். சரி, அந்தக் கதையையே சொல்கிறேன்.

கிள்ளானில் ஒரே கம்ப்யூட்டர் கடையில், ஒரே ஸ்டூலில், இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தேன். ஸ்க்ரூ கழற்றுவதும் டிரைவர் ஏற்றுவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். யூடியூப் இருக்கிறது, அது சொல்லிக் கொடுக்கும். எனக்குத் தெரிந்தது வேறு. தப்பு செய்துவிட்டு, அதைத் தப்பென்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, மறுநாளும் அதே கடைக்கு வேலைக்குப் போவது எப்படி என்று தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ரிங்கிட் விழுந்து எழுந்திருக்கத் திணறிக்கொண்டிருந்த நேரம். மங்கை அக்கா கடைக்குள் வந்தபோது நான் கவுண்டருக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பண்டமாரானில் இருந்து பஸ்ஸில் வந்திருந்தார். மேருவில் ஒரு தொழிற்சாலையில் பதினாலு வருடம் வேலை செய்தவர். அதை மூடிவிட்டார்கள். போகும்போது கொடுத்த பணம் கையில் இருந்தது. புருஷன் லோரி ஓட்டி முதுகு போய் வீட்டில் இருந்தார். வீட்டுக்குப் பக்கத்துக் கடைவீட்டின் மாடியை எடுத்து, பத்து மெஷின் போட்டு, கேம் கடை திறக்கப் போவதாகச் சொன்னார்.

“அக்கா, நீங்க கேம் ஆடுவீங்களா?” என்று கேட்டேன்.

“எனக்கு மௌஸ் புடிக்கவே தெரியாது மா. ஆனா பசங்க எங்க போய் உக்காருவாங்கன்னு தெரியும். ஸ்கூல் லீவு ஆரம்பிக்கிற சனிக்கிழமை நான் தொறந்திடணும். அன்னிக்கு வந்து பாத்துட்டு எழுந்து போயிட்டாங்கன்னா, ரெண்டு கடை தள்ளி இன்னொரு கேம் கடை இருக்கு. அங்கயே உக்காந்திடுவாங்க. என் கையில இருக்கிறது இது ஒண்ணுதான். போச்சுன்னா போச்சு.”

அந்த “போச்சுன்னா போச்சு”வை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

பத்து மெஷினையும் அவர் ஏற்கெனவே வாங்கிவிட்டார். ஏதோ அலுவலகம் கழித்துப்போட்ட செகண்ட்ஹேண்ட் மெஷின்கள், பதினாலு அங்குல மானிட்டர்கள். டைப் அடிக்கப் போதும், கேமுக்குப் போதாது. கேம் படத்தைத் திரையில் வரைந்து காட்டும் நல்ல கிராபிக்ஸ் கார்டு போடவேண்டும். எங்கள் கடையில் அப்போது இரண்டு வகை இருந்தன. இரண்டுமே கொஞ்சம் பழையவை, அதனால் விலை இறங்கியவை. கம்பெனிப் பெயர் வேண்டாம், கடையில் நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயரே போதும்.

ஒன்று ஒண்டிக்கட்டை. தன்னந்தனியாக எல்லா வேலையையும் பார்க்கும். மெமரி அதிகம், கலர் அதிகம், பெட்டியில் நெருப்புக் கக்கும் டிராகன் படம். இன்னொன்று ஒட்டுண்ணி. அதற்குத் தனிக்குடித்தனம் தெரியாது. பக்கத்தில் ஒரு சாதாரண கார்டு இருக்கவேண்டும், இரண்டையும் பின்பக்கம் ஒரு குட்டிக் கேபிள் போட்டு இணைக்கவேண்டும். கேம் திறந்ததும் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், அப்போதுதான் அது விழித்துக்கொள்ளும். ஒண்டிக்கட்டையைவிட வயதில் மூத்தது, விலையிலும் கிட்டத்தட்ட பாதி.

இரண்டையும் எங்கள் கடை மெஷினில் மாற்றி மாற்றிப் போட்டு சோதனை புரோகிராம் ஓட்டினேன். படத்தில் ஒரு காமிரா நீளமான நடைபாதைகளில் பறந்து போகும், கடைசியில் வேகத்துக்கு ஒரு நம்பர் கொடுக்கும். ஒண்டிக்கட்டையின் நம்பர் ஒட்டுண்ணியை அடித்துத் தூக்கிப் போட்டது. மங்கை அக்காவுக்கு போன் போட்டு, “அக்கா, கண்ண மூடிக்கிட்டு ஒண்டிக்கட்டையே போட்டுக்கங்க. அதுதான் லாஜு” என்றேன். முதலாளி, நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம், என் முதுகில் தட்டாத குறை. அவருக்கு விலை கூடிய சரக்கு போனது. டீலரிடம் பத்து ஒண்டிக்கட்டைக்குச் சொல்லிவிட்டார்.

முதல் மெஷினை மட்டும் முன்கூட்டியே கொண்டுபோய் பண்டமாரானில் வைத்தேன். அதை ஆடிப் பார்க்க மங்கை அக்கா ஒருவனைப் பிடித்து வைத்திருந்தார். பைசால் என்று பெயர், பக்கத்துக் கம்பத்துக்காரன், அதாவது மலாய்க் கிராமத்து ஆள், இருபது வயது, துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. அந்த வட்டாரத்தில் ஆட்டத்தில் அவனை அடிக்க ஆளில்லை. அவன் ஒரு கடையில் உட்கார்ந்தால் பின்னாலேயே பத்துப் பேர் வருவார்கள்.

அரை மணி நேரம் ஆடிவிட்டு ஹெட்போனைக் கழற்றினான். “தாக் லஞ்சார் லா, காக்” என்றான். ‘தாக்’ என்றால் இல்லை, ‘காக்’ என்றால் அக்கா.

இங்கேதான் நான் சறுக்கினேன். எங்கள் கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை காதில் விழும் மலாய்ச் சொல் ‘லாஜு’. வேகம் என்று அர்த்தம். தமிழர், சீனர், மலாய்க்காரர் எவர் வந்தாலும் “லாஜுவா?” என்பதுதான் கேள்வி. புகார் என்று வந்தாலே ‘லாஜு இல்லை’ என்றுதான் இருக்கும் என்று என் காது பழகிவிட்டது. ஜாப் சீட்டில் எனக்கு விளங்கும்படி தமிழில்தான் எழுதுவேன். எழுதினேன்: “வேகம் இல்லை.” பிறகு அந்தப் பையனின் வாயைப் பார்க்கவே இல்லை. என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்குத் தூக்கி வந்தேன். கார்டை முடுக்கிவிட்டேன், நம்பர் ஏறியது. திரும்பக் கொண்டுபோனேன். “தாக் லஞ்சார்.” மறுபடி தூக்கி வந்தேன், படத்தின் அழகைக் குறைத்தேன், நம்பர் இன்னும் ஏறியது. கொண்டுபோனேன். அவன் தலையை ஆட்டினான். “சேம் லா, காக்.” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த ஜாதி போலிருக்கிறது இவன் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமா, மங்கை அக்காவிடம் சொல்லவும் செய்தேன்.

அதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது. அன்று புதன்கிழமை. சனிக்கிழமை திறப்பு.

மங்கை அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். “ஏம்மா விமலா, அவன் லாஜுன்னா சொன்னான்?”

“ஆமாக்கா, லாஜு இல்லன்னுதானே...”

“லஞ்சார்னு சொல்றான் மா! லஞ்சார்! நீ பத்து நாளா வேற என்னமோ ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருக்க!”

லஞ்சார் என்றால் தங்குதடை இல்லாமல் ஓடுவது. பள்ளிக்கூடத்தில் மலாய்ப் பாடத்தில் நூறு தடவை எழுதிய சொல். தெரியாத சொல்லாக இருந்தால் கேட்டிருப்பேன். தெரிந்த சொல்லாக இருந்ததால்தான் காதிலேயே வாங்கவில்லை.

“மேருவுல நான் பெல்ட்டுல நின்னவ” என்றார் அவர். “சூப்பர்வைசர் மணிக்கு எத்தனைன்னு எண்ணுவான். கணக்கு டான்னு சரியா வரும். ஆனா பெல்ட்டு நடுவுல ஒரு குலுக்கு குலுக்கி, நின்னு, அப்புறம் ஓடும் பாரு, அப்பத்தான் கை தப்பும், சாமான் கீழ விழும். எண்ணிக்கை சரிதான் லா. ஓட்டம் சரியில்ல. இவன் அதத்தான் சொல்றான்.”

மௌஸ் பிடிக்கத் தெரியாத பெண் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. வெட்கமாக இருந்தது. அதைவிட, அப்பாடா என்றிருந்தது.

ஸ்டூலை இழுத்து பைசாலுக்குப் பக்கத்தில் போட்டு, “மறுபடி ஆடு” என்றேன். இந்தத் தடவை மூலையில் ஓடும் நம்பரைப் பார்க்கவில்லை, ஆட்டத்தைப் பார்த்தேன். நடைபாதையில் தனியாக ஓடும்போது வழுக்கிக்கொண்டு போனது. ஒரு பாலம் வந்தது. கம்ப்யூட்டரே ஆட்டிவைக்கும் எதிரிகள் எட்டு ஒன்பது பேர் ஒன்றாகச் சுட்டார்கள், புகை கிளம்பியது. படம் அப்படியே ஒரு கணம் உறைந்தது. விட்டபோது பைசால் செத்துக் கிடந்தான். மீதி நேரமெல்லாம் பறந்ததால் சராசரி உயரத்திலேயே நின்றது. ஆனால் இந்த ஆட்டத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் அந்தப் பாலத்தில்தான். என் சோதனை புரோகிராமில் பாலமும் இல்லை, மனிதர்களும் இல்லை. ஆளில்லாத வீட்டில் ஓடிப்பார்த்துவிட்டு வீடு விசாலம் என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் எங்கள் கடையின் வேகமான மெஷினில். மங்கை அக்காவின் கிழட்டு மெஷினோ அந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்க முடியாமல் மூச்சு வாங்கியது.

கடைக்கு ஓடினேன். தூசி படிந்த ஒட்டுண்ணி ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து வந்து மாட்டினேன். ‘டிக்.’ அதே பாலம், அதே புகை. நம்பர் குறைவுதான். ஆனால் கிழட்டு மெஷினை அது அவ்வளவு வேலை வாங்கவில்லை, படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பைசால் பாலத்தைத் தாண்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். “ஹா, இனி லா!” என்றான். ஆங், இதுதான் என்று அர்த்தம்.

பாஸிடம் போய், “நான் சொன்னது தப்பு. ஒட்டுண்ணிதான் போடணும்” என்றேன்.

“பைத்தியமா உனக்கு? பத்து ஒண்டிக்கட்டை வந்து எறங்கியாச்சு. டீலர் திருப்பி எடுக்க மாட்டான். நீதானே நம்பர் காட்டின? நம்பர் பொய் சொல்லுமா?”

“பொய் சொல்லல பாஸ். நாம கேட்டதுக்கு அது பதில் சொல்லிச்சு. நான் கேட்டதுதான் தப்பு.”

“நாளைக்கே புது கேம் வந்தா அந்தப் பழைய கார்டு என்னா செய்யும்? கலர் கம்மி, பெரிய படம் காட்டாது.”

நியாயமான கேள்விதான். அவர் முட்டாள் இல்லை. “அவங்க மானிட்டர் பதினாலு இன்ச்சு. பெரிய படத்த எங்க காட்டுறது? புது கேம் வரும்போது கடை இருந்தாத்தானே பாஸ் புதுக் கார்டு வாங்குவாங்க?” என்றேன்.

பாஸ் கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தார். “சரி. அஞ்சு அதுல போடு, அஞ்சு இதுல போடு. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாப்போம். ஜெயிச்சா மிச்சத்தையும் மாத்தித் தரேன். தோத்தா நீ பென்ச்சு பக்கம் வராத, கவுண்டர்ல நின்னு மௌஸ் வித்துக்க.”

அந்தக் காலத்தில் பென்ச்சில் உட்கார்ந்த பெண் எங்கள் தெருவிலேயே நான் ஒருத்திதான். என்னைத் தாண்டிப் பார்த்து “டெக்னீஷியன் இல்லையா?” என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். மௌஸ் விற்பதா! ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அன்று அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மங்கை அக்காவின் அந்தச் சிரிப்புதான் மனதைப் பிசைந்தது. அவரிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். “வை மா. எனக்கு உன் மேல நம்பிக்கை இருக்கு” என்றார். அது இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மெஷின்களை வரிசையாக வைக்கும்போது ஒரே ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். ஃபேனுக்குப் பக்கத்துச் சீட்டை எல்லாரும் பிடிப்பார்கள். அதனால் இரண்டு கார்டையும் ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்தேன். கேசிங் என்கிற வெளிப்பெட்டி எல்லாம் ஒரே மாதிரி. எது எதில் இருக்கிறது என்று எழுதிய பட்டியலை பாஸ் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை, மங்கை அக்கா தேங்காய் உடைத்துக் கதவைத் திறந்தார். பைசால் தன் கூட்டத்தோடு வந்து இறங்கினான். பத்துச் சீட்டும் நிறைந்தன. முதல் அரை மணி நேரம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவனவன் அவனவன் மூலையில் தனியாக ஆடிக்கொண்டிருந்தான். பாஸ் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

பிறகு பத்துப் பேரும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்தார்கள். பாலத்துக்கு வந்தார்கள். புகை கிளம்பியது.

“அலாமாக்!” என்று ஒரு குரல். அடுத்த சீட் அமைதி. அதற்கடுத்த சீட்டில் “அடச்சே, செத்துட்டேன்டா!” என்று ஒரு தமிழ்ப் பையன் மேசையைத் தட்டினான். அடுத்தது அமைதி. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒன்றுவிட்டு ஒன்று, ஒன்றுவிட்டு ஒன்று, பல் விழுந்த வாய் மாதிரி வரிசை முழுக்க அப்படியே கத்தல் வந்தது. அடுத்த ஆட்டம் தொடங்குமுன் செத்தவர்கள் எழுந்து, சாகாதவர்களின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். ஐந்து சீட் காலி. ஐந்து சீட்டுக்குப் பின்னால் வரிசை.

“அங்க காலியாத்தானே இருக்கு, உக்காருங்கப்பா” என்றார் மங்கை அக்கா.

“துங்கு, காக்” என்றார்கள். காத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் எல்லாரும் காத்திருக்கவில்லை. இரண்டு பேர் படியிறங்கிப் போனார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், இரண்டு கடை தள்ளியிருந்த அந்த இன்னொரு கேம் கடைக்குள் நுழைந்தார்கள். மங்கை அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பாஸ், போதும். இப்பவே மாத்தணும்” என்றேன்.

“சாயங்காலம் வரைக்கும்னுதானே பேச்சு?”

“பந்தயம் நமக்குள்ள. கஸ்டமர் அவங்களோடது. நம்ம பந்தயத்துக்கு அவங்க கடைய பலி குடுக்க முடியாது. வேணும்னா நான் தோத்ததாவே வெச்சிக்கங்க, கார்ட மட்டும் மாத்துங்க.”

இளையவர்களே, என் வேலைக் காலத்தில் நான் எடுத்த நல்ல முடிவுகள் என்று நாலைந்துதான் தேறும். இது முதலாவது. சரி என்று நிரூபித்துக் காட்ட இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. அதை விட்டுவிட்டேன். உங்கள் கைக்கு வெற்றி வரும் நேரத்தில் வாடிக்கையாளரின் வயிற்றில் அடி விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் வெற்றியைக் கீழே போட்டுவிடுங்கள்.

பாஸ் பட்டியலை எடுத்துப் பார்த்தார், காலிச் சீட்டுகளைப் பார்த்தார். பிறகு அவரே போய் ஒரு காலிச் சீட்டில் உட்கார்ந்தார். வயிறு மேசையில் இடித்தது. ஆட்டத்தில் சேர்ந்தார், தட்டுத்தடுமாறிப் பாலத்துக்கு வந்தார், உறைந்தார், செத்தார். எழுந்து பைசாலின் தோளில் கை வைத்து, “தம்பி, கொஞ்சம் எழுந்திரு. அங்கிள் இதுல ஒரு தடவ ஆடிப் பாக்கிறேன்” என்று மலாயில் கேட்டார்.

பைசால் திரைமேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. “ஜங்கான் காச்சாவ் லா, அங்கிள்!” என்றான். தொந்தரவு பண்ணாதீங்க!

கிள்ளானில் அவரை யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பாஸ் கையை எடுத்துக்கொண்டார். ஒரு வினாடி முறைத்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். வேன் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினவர், முக்கால் மணி நேரத்தில் ஐந்து ஒட்டுண்ணிகளோடு வந்தார். மதியத்துக்குள் மாற்றி முடித்தேன். ‘டிக், டிக்’ என்று வரிசையாக விழித்துக்கொண்டன. கடைசிக் கேசிங்கை நான் மூடுவதற்கு முன்பே ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். இறங்கிப்போன அந்த இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். அந்தக் கடையிலிருந்து இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்!

ஒண்டிக்கட்டை கெட்ட கார்டு என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பெரிய மானிட்டரும் வேகமான மெஷினும் வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பத்தையும் நானே விற்றேன், ஒருவரும் திட்டவில்லை. யாருக்கு, எந்த மெஷினில், எந்த ஆட்டத்தில் என்று கேட்காமல் கார்டுக்கு நல்லது கெட்டது கிடையாது. அன்றிலிருந்து வாடிக்கையாளர் சொன்ன சொல்லை மாற்றாமல் அவர் சொன்ன பாஷையிலேயே ஜாப் சீட்டில் எழுதினேன். நீங்களும் எழுதுங்கள்.

இரண்டு மணிக்கு வரிசை படிக்கட்டு வரை நின்றது. நானும் மங்கை அக்காவும் கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் பதறிப்போய், “என்னாக்கா?” என்றேன்.

“பசிக்குது மா” என்றார். கண் நிறைந்திருந்தது. “வேலை போன நாள்லேர்ந்து, இன்னிக்குத்தான் மா எனக்குப் பசிக்குது.”

எதிர்க்கடையில் போய் இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு தட்டு நாசி லெமாக் சாப்பிட்டோம்.